பிள்ளையின் வயிற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டுகிறதா?

வெள்ளவத்தையில் சீருடை தைக்கக் கொடுக்கும்போது தையற்காரர் கழுத்தில் தொங்குமே, அந்த அளவு நாடா ஒன்று வீட்டில் இருந்தால் போதும். வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். 130 சென்ரிமீற்றர் உயரமான பிள்ளைக்கு 65க்குள். ஆணோ பெண்ணோ, ஒரே கணக்குத்தான். பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2022இல் 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இதைச் சேர்த்தது.

நிறையை மட்டும் பார்த்தால் நமக்குப் போதாது. தெற்காசியப் பிள்ளைகளில் கையும் காலும் மெலிந்திருக்க, கொழுப்பு வயிற்றில் சேர்வது வழக்கம். பின்னாளில் சர்க்கரை, பிரஷர், இதய நோய்க்கு வழிவிடுவது அந்தக் கொழுப்புத்தான்.

பிழை வருவது அளக்கும் இடத்தில். களிசான் நிற்கும் இடத்தில் அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, சட்டையை உயர்த்திவிட்டு அளக்க வேண்டும். நாடா தோலில் படலாம், அழுத்தக் கூடாது. பிள்ளை வயிற்றை எக்கும். ஏதாவது கதை கேளுங்கள், மூச்சை இயல்பாக விட்டதும் அளவைப் பாருங்கள். இரண்டு தரம் எடுங்கள்.

பாதியைத் தாண்டினால் நோய் என்று அர்த்தமில்லை. பிள்ளையின் காதுபட எதுவும் சொல்லாமல் டொக்டரிடம் காட்டி, இரத்த அழுத்தமும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் பாருங்கள். அப்புறம், பின்கழுத்தில் கருமை தடித்து வெல்வெட் மாதிரி இருந்தால் அழுக்கென்று தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். அதையும் டொக்டரிடம் காட்டுங்கள்.