மாடல் ரயில் இன்ஜின்: குட்டி ஸ்பீக்கரில் நல்ல உறுமல் கேட்க

பிரிட்டனில் 1960-ல் ஓடத் தொடங்கிய கிளாஸ் 37 டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 12 சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 850 சுற்று, சுற்றுக்கு 6 வெடிப்பு. கணக்குப் போட்டால் நொடிக்கு 85. அந்த உறுமலின் அடிநாதம் 85 ஹெர்ட்ஸ். அதன் ஓஓ அளவு மாடலுக்குள் (1:76) நாம் வைக்கும் சுகர் கியூப் ஸ்பீக்கர் சுமார் 15-க்கு 11 மில்லிமீட்டர்தான். 85 ஹெர்ட்ஸை அதனால் எழுப்ப முடியாது. ஆனால் அதன் மடங்குகளான 340, 425, 510 ஹெர்ட்ஸ் ஒலிகள் தெளிவாக வந்தால், அடிநாதத்தைக் காது தானே ஊகித்துக்கொள்ளும். அந்த ஒலிகளை வீணாக்காமல் வெளியே கொண்டுவருவதுதான் நம் வேலை.

1. ஓம் சரிபாருங்கள்

ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு. லோக்சவுண்ட் 5 டீகோடர் (மாடலுக்குள் இருந்து ஓட்டத்தையும் ஒலியையும் இயக்கும் சிறு மின்சுற்று) 4 முதல் 32 ஓம் வரை உள்ள ஸ்பீக்கரை ஏற்கும். பழைய லோக்சவுண்ட் 3.5 என்றால் 100 ஓம் ஸ்பீக்கர்தான். அதில் 8 ஓம் மாட்டினால் ஆம்ப்ளிஃபையர் எரிந்துபோகலாம். ஸ்பீக்கர் வாங்கும் முன்பே டீகோடரின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

2. பெட்டியைக் காற்றுப் புகாமல் அடையுங்கள்

ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். ஸ்பீக்கரின் சவ்வு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இரண்டு அலைகளும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். அதிலும் முதலில் போவது கனமான ஒலிதான். தகர டப்பா போல ஒலிக்கிற மாடல்களில் பெரும்பாலும் கோளாறு இங்கேதான். புது ஸ்பீக்கருக்குச் செலவு செய்யும் முன் இதைச் சரிசெய்து பாருங்கள்.

ஸ்பீக்கரோடு வரும் பிளாஸ்டிக் பெட்டியில் பொருத்தி, விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பசை தடவுங்கள். காய்ந்தால் அது சுருங்கும், அதனால் இன்னொரு பூச்சு வேண்டும். ஒயர் வெளியே வரும் ஓட்டையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; அதில் கொஞ்சம் புளூ டாக் (களிமண் போல ஒட்டும் பசை) வைத்து அழுத்துங்கள். சூப்பர் குளூ வேண்டாம். மெல்லிய இடுக்கில் அது ஓடிப் பரவும். சவ்வின் ஓரத்தில் பட்டால் சவ்வு இறுகிவிடும். இடம் இருந்தால் இன்னும் ஆழமான பெட்டி வையுங்கள், ஒலி கனமாகும்.

3. ஒயர் பற்றவைப்பது

ஸ்பீக்கரின் காந்தம் சால்டரிங் அயர்ன் முனையைச் சட்டென்று இழுக்கும், அதனால் ஸ்பீக்கரை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒயர் முனையில் முதலிலேயே ஈயம் பூசிவிட்டால் ஓரிரு நொடியில் வேலை முடியும். மேசையில் இரும்புத் தூள் இருக்கவே கூடாது. முனைகள் உலோகச் சட்டத்தில் படாதபடி மேலே கேப்டன் டேப் (Kapton, வெப்பம் தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) ஒட்டுங்கள்.

இரண்டு ஸ்பீக்கர் வைப்பவர்கள் இரண்டையும் இணைத்த ஒயர்களில் 1.5 வோல்ட் பேட்டரியைக் கணநேரம் தொட்டுப் பாருங்கள். இரண்டு சவ்வும் ஒரே திசையில் அசைய வேண்டும்.

4. ஒலிக்கு வழி விடுங்கள்

பாடியில் ரேடியேட்டர் கிரில் திறந்திருந்தால் அதை நோக்கி வையுங்கள். இல்லையென்றால் தண்டவாளத்தைப் பார்த்துக் கீழ்நோக்கி வைத்தாலும் நன்றாகவே கேட்கும். பாடி அதிரும் இடத்தில் மெல்லிய ஃபோம் துண்டு ஒட்டுங்கள்.

5. வால்யூமைக் குறையுங்கள்

டீகோடரின் அமைப்புகளுக்கு சிவி (CV) என்ற எண்கள் உண்டு. மொத்த ஒலி அளவு லோக்சவுண்டில் சிவி 63, ஜிமோ நிறுவன டீகோடரில் சிவி 266. பாடியை மாட்டி, தண்டவாளத்தில் ஓடவிட்டு ஹாரன் அடியுங்கள். கரகரத்தால், கரகரப்பு நிற்கும்வரை படிப்படியாகக் குறையுங்கள். ஹாரன் மட்டும் கரகரத்தால் அதன் தனி வால்யூமைக் குறைத்தால் போதும், இன்ஜின் சத்தத்தைத் தொட வேண்டாம்.