திருத்திய படத்தில் நிறம் தானாக மாறினால் செய்யக் கூடாதவை

சேரன்மகாதேவிப் பக்கம் பிசான நெல் வயலின் நடுவே மணமக்களை நிறுத்தி எடுத்த படத்தைத் திருத்தி முடித்து, பயிரின் பச்சை திரையில் நிறைவாக இருப்பதைப் பார்த்துச் சேமித்து, வீட்டாருக்கு அனுப்பிய பிறகு, "வயல் ஏன் வெளிறிப்போய் இருக்கிறது?" என்று கேள்வி வந்தால், படத்தை மறுபடியும் திறந்து பச்சையைக் கூட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை. தவறுகளில் மூத்தது அதுவே. கோப்புக்குள் இருக்கும் எண்கள் மாறினவா, அந்த எண்களைப் படிக்கும் முறை மாறியதா, அல்லது காட்டுகிற திரை மாறியதா என்று தெரிந்துகொள்ளாமல் கை வைத்தால், ஓர் இடத்தில் சரியாகிற பச்சை வேறோர் இடத்தில் பாசி பிடித்ததுபோல் தெரியும்.

டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் மட்டுமே உள்ளன. அவற்றை எந்த அளவையால் படிக்க வேண்டும் என்பதைக் கோப்போடு ஒட்டி வரும் கலர் புரொஃபைல் சொல்கிறது. களத்து மேட்டில் 'பத்து' என்று மட்டும் எழுதி, மரக்காலா படியா என்று எழுதாமல் விட்ட நெல் கணக்கு எப்படிக் குழப்புமோ, புரொஃபைல் இல்லாத படமும் அப்படியே குழப்பும். 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்பது சாதாரணத் திரைகளுக்கான அளவை. 1998-இல் வந்த அடோபி ஆர்ஜிபி அதைவிட அகலமானது. இரண்டிலும் சிவப்புக்கும் நீலத்துக்குமான மூலப் புள்ளிகள் ஒன்றே. வேறுபாடு பச்சையின் மூலப் புள்ளியில்தான் இருக்கிறது. ஆகவே, அடோபி ஆர்ஜிபியில் சேமித்த படத்தை எஸ்ஆர்ஜிபி என்று எண்ணிக்கொண்டு ஒரு செயலி காட்டும்போது, மணமகளின் சிவப்புப் பட்டைவிட அவளுக்குப் பின்னால் இருக்கும் வயலே அதிகமாக வாடித் தெரிகிறது. நம் ஊர்ப் படங்களில் வயலும் தோப்பும் தாமிரபரணிக் கரையும் அடிக்கடி வருவதால், இந்தக் கோளாறு நமக்குச் சீக்கிரமே கண்ணில் படும்.

இதைச் சரிசெய்யப் போகும் இடத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் 'அசைன் புரொஃபைல்', 'கன்வெர்ட் டு புரொஃபைல்' என்று இரண்டு கட்டளைகள் அருகருகே உள்ளன. முதலாவது எண்களைத் தொடாமல் அளவையின் பெயரை மட்டும் மாற்றி எழுதுகிறது. அதனால் நிறம் கண்ணெதிரே மாறுகிறது. இரண்டாவது, தோற்றம் கூடியவரை அப்படியே நிற்கும்படி எண்களை மாற்றி எழுதுகிறது. செல்பேசிக்கும் இணையத்துக்கும் அனுப்பும் படத்துக்கு வேண்டியது இரண்டாவதே. எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, ஏற்றுமதி செய்யும் பெட்டியில் புரொஃபைலைச் சேர்க்கும் கட்டத்தையும் குறியிட்டு அனுப்பினால், மேலே சொன்ன கேள்வி பெரும்பாலும் வராது.

கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் பதிவான ரா கோப்பை, லைட்ரூம் என்ற திருத்தும் மென்பொருளில் திறந்தவுடன் ஒரு நொடி பளிச்சென்று இருந்துவிட்டுப் பிறகு மங்குவதைக் கண்டு கோப்பு கெட்டுவிட்டதாக அஞ்ச வேண்டாம். முதலில் தெரிவது கேமரா தானே செய்து உள்ளே வைத்த சிறு ஜேபெக் படம். பிறகு தெரிவது மென்பொருள் தன் கணக்கில் செய்தது. கேமராவின் நிறமே வேண்டுமென்றால், அந்த மாடலுக்கான கேமரா மேட்சிங் புரொஃபைலைத் தேர்ந்தால் போதும்.

திரையைச் சந்தேகிக்காமல் படத்தைச் சந்தேகிப்பது அடுத்த தவறு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டப் படங்களை ஒரு மாலையில் திருத்திக்கொண்டிருந்தபோது, வடம் பிடித்தவர்களின் வெள்ளை வேட்டிகள் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்ததால், ஏறத்தாழ நாற்பது படங்களில் நான் மஞ்சளைக் குறைத்தேன். காலையில் பார்த்தால் தேர், கோபுரம், கூட்டம் எல்லாம் நீலம் பூத்திருந்தன. பொழுது சாய்ந்ததும் இரவில் திரையை மஞ்சளாக்கும் கணினியின் நைட் லைட் தானாக இயங்கத் தொடங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால், சாம்பல் நிறமென்று எனக்குத் தெரிந்த ஒரு பரப்பின் மேல் சுட்டியை வைத்து மூன்று எண்களையும் படிக்கிறேன். அவை ஏறத்தாழ சமமாக இருந்தும் கண்ணுக்கு மஞ்சள் தெரிந்தால், குற்றம் கோப்பில் இல்லை. விண்டோஸில் ஒரு செயலியில் மட்டும் வெள்ளை மஞ்சளாகவும் வேறொன்றில் சரியாகவும் தெரிந்தால், மானிட்டரின் புரொஃபைல் பழுதாகியிருக்கலாம். அதை எடுத்துவிட்டு எஸ்ஆர்ஜிபியைத் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பது எளிய சோதனை. ஸ்டூடியோவின் அடர்நீலச் சுவரும் கண்ணை ஏமாற்றும் என்பதை உரிமையாளர்கள் ஏனோ ஒப்புக்கொள்வதில்லை.

வேட்டியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும்படி நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸுக்காக, நிறத்தைத் தொட்டெடுக்கும் ஐட்ராப்பரை வெள்ளை வேட்டியின் மேல் அழுத்துவது பலருக்குப் பழக்கம். சலவைத் தூளில் உள்ள வெண்மையூட்டிகள் வெயிலிலும் ஃப்ளாஷ் ஒளியிலும் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளிவிடுவதால், அந்த வேட்டி உண்மையில் நடுநிலை வெள்ளை அன்று. மென்பொருளோ அந்த நீலத்தை ஈடுகட்டப் படம் முழுவதும் மஞ்சளைச் சேர்த்து, முகங்களைக் காமாலை பிடித்ததுபோல் ஆக்கிவிடுகிறது. சட்டைப்பையில் ஒரு சாம்பல் அட்டை இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலை மாலை வெயிலில் எடுப்பவர்களுக்கும், அரக்குப் பட்டை எடுப்பவர்களுக்கும் வேறொரு மர்மம் காத்திருக்கிறது: படத்தை வெளிச்சமாக்க ஆக்கச் சிவப்பு ஆரஞ்சாகி, பிறகு மஞ்சளை நோக்கி நகர்கிறது. எட்டு பிட் படத்தில் சிவப்பு எண் 255-ஐத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் ஏற இடமில்லை. பச்சையும் நீலமும் மட்டும் ஏறிக்கொண்டே போவதால் மூன்றுக்கும் உள்ள விகிதம் குலைந்து, சாயல் நகர்கிறது. மூன்றையும் கலந்து காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. சிவப்புக்குரிய வரைபடத்தைத் தனியே பார்க்க வேண்டும். எடுக்கும்போதே சற்றுக் குறைவான எக்ஸ்போஷரில் ரா கோப்பாக எடுப்பது நல்லது. எடுத்தாகிவிட்டதென்றால், நிறச் செறிவைக் கூட்டுவதை நிறுத்தி, எக்ஸ்போஷரை இறக்கி மீட்க முயலலாம்.

ஃபோட்டோஷாப்பில் கண்ட்ரோல் விசையோடு ஒய் விசையும் தவறி அழுந்திவிட்டால் 'ப்ரூஃப் கலர்ஸ்' இயங்கி, படம் அச்சில் வரும் தோற்றத்தில் மங்கிக் காட்டப்படும். கோப்பின் தலைப்பில் ஆர்ஜிபி என்பதற்குப் பின்னால் நான்கு மை அச்சைக் குறிக்கும் சிஎம்ஒய்கே என்று சேர்ந்து வந்தால் அதுதான் காரணம். அதே விசைகளை மறுபடி அழுத்தினால் போதும். அச்சிடும்போது மென்பொருளும் பிரிண்டரின் டிரைவரும் ஒரே நேரத்தில் நிறத்தை நிர்வகிக்க முயன்றால், படம் மெஜந்தா என்னும் ஊதா கலந்த சிவப்புச் சாயலோடு வரக்கூடும். இரண்டில் ஒன்றை அணைத்துவிட வேண்டும். திரையில் பளீரென்ற நீலம் ஃப்ளெக்ஸ் பேனரில் ஊதாவாக வந்தால் அச்சகத்தாரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அந்த நீலம் நான்கு மை அச்சின் எல்லைக்கு வெளியே இருப்பது.

ஆல்பம் முழுவதையும் படம் அச்சிடும் லேபுக்கு அனுப்புவதற்கு முன், அவர்கள் கேட்பது எந்த புரொஃபைல் என்று விசாரித்து, முகம், பட்டு, பச்சை வயல் மூன்றும் உள்ள ஒரே ஒரு படத்தை மட்டும் அச்சிட்டு வாங்கிப் பார்ப்பது வழக்கமாகட்டும். அதைக் கடையின் எல்இடி விளக்கின் கீழே பார்க்காமல், பகலில் நேர்வெயில் படாத திண்ணை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.