ஒரு மாதம் நின்ற பழைய புல்லட்டை உதைக்கும் முறை

எங்களுடையது அப்பா வாங்கிய 1983 புல்லட் 350. வார்ப்பிரும்பு எஞ்சின். மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் நிற்கும். ஒரு வருடம் வெளியே எடுத்தபோது கார்புரேட்டரை மூன்று தரம் கழுவியும் ஸ்டார்ட் ஆகவில்லை. கோளாறு பாயிண்டில் இருந்தது, அதாவது திறந்து மூடி பிளக்கில் பொறி வரவைக்கும் சின்ன மின்தொடர்பில். அன்றிலிருந்து கார்புரேட்டரைக் கடைசியாகத்தான் தொடுகிறேன்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே டேப்பட்டை, அதாவது வால்வைத் தள்ளும் பாகங்களுக்கு இடையிலான தளர்வைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மூடிக்கொண்டு கிக்கரை மெதுவாக இறக்கினால் ஒரு சுற்றில் காற்று விரலைத் தள்ளும். பிஸ்டன் மேலே வந்ததும் நிறுத்துங்கள். சிலிண்டரின் வலப்பக்க மூடிக்குள் வால்வுகளை இயக்கும் இரண்டு கம்பிகள், புஷ் ராடுகள் இருக்கும். விரலால் உருட்டினால் லேசாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான் அளவு. சத்தம் வருகிறதென்று இறுக்கிவிடாதீர்கள். வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) போய்விடும்.

அப்புறம் பாயிண்ட். நன்றாகத் திறந்திருக்கும் நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கலாம். பாயிண்ட் தொடும் முகம் கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, பிறகு பெட்ரோலில் நனைத்த வெள்ளைத்தாளை நடுவில் விட்டு இழுங்கள். சீக்கிரமே மறுபடி கருகினால் பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரைச் சந்தேகப்படலாம்.

இனி பிளக்கை மாட்டிவிட்டு உதை. செருப்புக் காலோடு வேண்டாம். அப்படி உதைத்து, கிக்கர் எதிர்த்து அடித்து, ஒரு வாரம் நொண்டியிருக்கிறேன்.

நியூட்ரலில் சாவியைப் போட்டு, ஹெட்லைட்டை அணைத்துவிட்டு மின்னோட்டம் காட்டும் ஆம்ப் மீட்டரைப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் முள் மைனஸ் பக்கம் சாயும். கிக்கரைக் காலால் மெல்ல அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் கனமாக முட்டும், முள்ளும் நடுவுக்கு வந்துவிடும். பிஸ்டன் ஏறக்குறைய உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். வால்வைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து இன்னும் ஒரு விரற்கடை மட்டும் இறக்குங்கள். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, இப்போது ஒரே மூச்சில் கீழ்வரை உதையுங்கள். அடுத்த கம்ப்ரஷன் வருவதற்குள் பிளைவீல் நல்ல வேகம் எடுத்துவிடும். அதனால்தான் ஒல்லியான என் அம்மாவால்கூட இந்த வண்டியை ஸ்டார்ட் செய்ய முடிகிறது. ஜிம்முக்குப் போகும் என் தம்பிக்கு முள்ளைப் பார்க்கப் பொறுமை கிடையாது, வியர்த்துக்கொண்டு நிற்பான்.

ஸ்டார்ட் ஆனதும் புகை குப்பென்று வந்தால் பயப்பட வேண்டாம். நின்றிருந்த நாட்களில் ஆயில், தன் தொட்டியிலிருந்து பம்ப் வழியாகக் கசிந்து எஞ்சின் அடியில் கிராங்க் பக்கம் இறங்கியிருக்கும். அதனால் ஆயில் குச்சியிலும் அளவு குறைவாகத்தான் தெரியும். உடனே ஊற்றிவிடாதீர்கள். சில நிமிடம் ஓடி, புகை அடங்கியபின் மறுபடி பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.