வன்னிக் காணிக்குப் போகிறவர்கள் மணல் ஈயைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவை

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் காணி பார்க்கப் போகிறவர்கள், பொழுது சாய்ந்த பிறகு பற்றைக்காட்டு ஓரத்தில் நிற்க நேர்ந்தால், முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் அணிந்திருக்க வேண்டும். இதை நுளம்புக்காகச் சொல்லவில்லை. நுளம்பின் மூன்றிலொரு பங்கு அளவே உள்ள, சத்தமின்றிப் பறக்கும் மணல் ஈக்காகச் சொல்கிறேன். அதன் கடியால் பரவும் லீஷ்மேனியா டொனோவானி என்ற ஒட்டுண்ணி, பீகாரில் ஈரலையும் மண்ணீரலையும் தாக்கிக் காலா அசார் என்ற கொடிய காய்ச்சலை உண்டாக்குகிறது. இலங்கையில் பரவியிருக்கும் வகையோ பெரும்பாலும் பருவாகவும் புண்ணாகவும் தோலோடு நின்றுவிடுகிறது. உள்நாட்டிலேயே தொற்றிய முதல் நோயாளியைப் பற்றிய அறிக்கை 1992இல் அம்பாந்தோட்டை மாவட்டத்திலிருந்து வெளிவந்தது. பின்னர் வடக்குக் காடுகளில் பணியாற்றிய படையினரிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது. 2008இலிருந்து, மருத்துவர்கள் சுகாதாரத் துறைக்குக் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோய்களுள் இதுவும் ஒன்று.

காணி அலுவல் இருக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து ஏன் கூடுதல் என்பதை நான் விரிவாகவே சொல்ல வேண்டும். ஐயாவின் பெயரில் இருந்த அனுமதிப்பத்திரக் காணிக்காக, பகல் நேரமெல்லாம் ஓர் அலுவலகத்தின் வாங்கில் காத்திருந்தேன். ஒருநாள் கோப்பைக் காணவில்லை என்றார்கள்; இன்னொருநாள் உரிய உத்தியோகத்தர் வெளிக்களத்துக்குப் போய்விட்டார் என்றார்கள்; மரணச் சான்றிதழில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் ஓர் எழுத்தால் வேறுபடுவதாகப் பிறகு கண்டுபிடித்து, சத்தியக் கடதாசி கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கு நேரம் இருக்கும், காசும் இருக்கும் என்று அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் தீர்மானித்திருந்தார்கள். எனது விடுமுறை அந்த வாங்கிலேயே கரைந்தது. எனவே காணியில் கால்வைக்க மிஞ்சியது மாலைப்பொழுது மட்டுமே, மணல் ஈ வெளியே வருவதும் அந்தப் பொழுதில்தான்.

போகாமலும் இருக்க முடியவில்லை. "நீங்கள் எல்லாரும் வெளிக்கிட்டுப் போனாப் பிறகு இந்தக் காணியைக் காத்தது நான்தானே, தம்பி. அயலட்டைச் சனத்துக்கு முன்னால எல்லையை ஒருக்கா நடந்து காட்டிப்போட்டுப் போ," என்றார் சித்தப்பா. அயலவர்கள் வயல் வேலை முடிந்து வருவதற்குள் வெளிச்சம் மங்கிவிடும். எல்லையோரம் பழைய மாட்டுக்கொட்டிலும் புற்றுகளும் இருந்தன. ஈரமும் சாணமும் உக்கிய இலையும் சேர்ந்த இத்தகைய இடங்களே மணல் ஈ பெருகவும் தங்கவும் ஏற்றவை. அங்கே நின்றபடி, இந்த வேலி எந்த ஆண்டு போடப்பட்டது என்ற வாக்குவாதத்தை இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். காணியை விட்டுப் போனவன், காத்தவரிடம் நேரம் போகிறது என்று எப்படிச் சொல்வது? உங்களிடமும் இப்படி ஒருவர் கேட்பார். காலை வெயில் ஏறிய பிறகு நடக்கலாம் என்று முதல்நாளே உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

வேலிக் கம்பியை விலக்கச் சித்தப்பா கையை நீட்டியபோதுதான், முழங்கைக்குக் கீழே வெளிறிய பள்ளத் தழும்பையும் அதற்குப் பக்கத்தில் புதிதாக எழும்பியிருந்த பருவையும் கண்டேன். விளிம்பு தடித்து உயர்ந்து, நடுவில் காய்ந்த பொருக்கோடு, சிறிய எரிமலை வாய்போல் இருந்தது. நோவும் இல்லை, சொறிவும் இல்லை என்றார். பலர் மருத்துவரிடம் போகாமல் இருப்பதற்கு அதுவே காரணம். இது தொடுவதால் தொற்றாது. ஆகவே அவர்களிடமிருந்து விலகி நிற்க வேண்டியதில்லை.

கடிபட்டுச் சில வாரங்களிலோ பல மாதங்களிலோ பரு தோன்றலாம் என்பதால், நீங்கள் திரும்பிப்போன பிறகே அது வெளிப்படக்கூடும். எனது மணிக்கட்டில் வந்ததை முதலில் படை என்றும், பிறகு பாக்டீரியாத் தொற்று என்றும் கருதிக் களிம்புகள் தந்தார்கள். வாரக்கணக்கில் ஆறாத புண் என்றால், இலங்கையின் உலர் வலயத்துக்குப் போய்வந்ததை நீங்களாகவே சொல்லி, லீஷ்மேனியாவுக்குப் பரிசோதிக்கும்படி கேளுங்கள். புண்ணின் விளிம்பைச் சுரண்டியோ சிறு துண்டு வெட்டியோ எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மரபணுச் சோதனையும் உண்டு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் வெப்பமண்டல நோய்களுக்கான சிறப்புச் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. குடும்ப மருத்துவரிடம் அங்கே அனுப்பும்படி கேட்கலாம்.

இரவில் சாதாரண நுளம்பு வலையை மட்டும் நம்பாதீர்கள், அதன் கண்ணுக்குள்ளால் மணல் ஈ நுழைந்துவிடும். நெருக்கமாகப் பின்னிய, பூச்சிக்கொல்லி ஊட்டிய வலை வேண்டும். டீட் என்ற பூச்சிவிரட்டி கலந்த, தோலில் தடவும் பூச்சு பயன்படும். அது வலுவாகப் பறக்கத் தெரியாத பூச்சி என்பதால் மின்விசிறிக் காற்றும் உதவும்.

வீட்டில் யாருக்காவது இப்படிப் புண் இருக்கக் கண்டால், அலுவலகத்துக்குப் போகும் நாட்களில் ஒன்றை ஒதுக்கி, தோல் நோய்க் கிளினிக் நடக்கும் நாளைக் கேட்டறிந்து, அவரை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சிகிச்சை இலவசம். ஆனால் சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட் ஊசியைப் புண்ணுக்குள்ளேயே, வழக்கமாக வாரம் ஒருமுறை என்று பல வாரங்கள் போட வேண்டியிருக்கும். சிலருக்குத் திரவ நைதரசனால் உறைய வைப்பார்கள். ஊசி கடுமையாக நோகும், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். சித்தப்பா முந்தைய சிகிச்சையை அதனால்தான் இடையில் விட்டிருந்தார். அந்த நாட்களின் கூலியையும் ஆட்டோக் காசையும் முன்கூட்டியே கொடுத்து, மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை ஒவ்வொரு கிளினிக் நாளிலும் கூட்டிப்போக அயலில் ஒருவரை ஒழுங்கு செய்துவிட்டு விமானம் ஏறுங்கள்.