சிவப்பு ஒயில் சொட்டினால் உடனே கியர்பொக்ஸை இறக்காதீர்கள்

ஒட்டோ கியர் டொயோட்டா டொல்பின் வான்கள் இலங்கையில் இன்னும் ஹயர் ஓடுகின்றன. வயது போன வண்டி, எங்காவது ஒழுகத்தான் செய்யும். ஆனால் அடியில் சிவப்பாக ஒரு சொட்டைக் கண்டதும் புதிதாக வேலை பழகும் பொடியங்கள் கியர்பொக்ஸை இறக்க ஜக்கைத் தேடுகிறார்கள். ஒழுக்கு விஷயத்தில் நடக்கும் பிழைகளைக் கீழே சொல்கிறேன்.

பெல் ஹவுசிங்கில் சொட்டினால் பம்ப் சீல்தான் என்பது

இதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும். பெல் ஹவுசிங் என்பது எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் கூடு. பம்ப் சீல் அதற்குள் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் வளையம். அதை மாற்றக் கியர்பொக்ஸ் முழுதையும் இறக்க வேண்டும், கூலிதான் ஆளை விழுத்தும். ஒரு வான் அப்படிச் சீல் மாற்றிய கையோடு எங்களிடம் வந்தது. அதே இடத்தில் அதே சொட்டு. ஸ்டியரிங் ஒயில் தொட்டியைத் திறந்தால் அடிமட்டத்தில் கிடக்கிறது! பவர் ஸ்டியரிங் ஹோஸ் முன்னால் கசிய, ஓட்டக் காற்று அதைப் பின்னுக்கு அடித்திருக்கிறது. அந்தக் காலத்து டொயோட்டாவில் ஸ்டியரிங்குக்கும் ஒட்டோ கியருக்கு ஊற்றும் அதே சிவப்பு டெக்ஸ்ரன் ஒயில்தான், நிறத்தை நம்பி என்ன பயன்?

முதலில் கியர், ஸ்டியரிங் இரண்டின் ஒயில் மட்டங்களையும் குறித்து வையுங்கள். அடியைக் கழுவிக் காயவிட்டு, ஒரு ஓட்டம் ஓடி வந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தொடங்கும் மிக உயரமான, மிக முன்னாலுள்ள இடத்தைத்தான் தேட வேண்டும். கியர் ஒயிலை ஆற வைக்கும் கூலருக்குப் போகும் குழாயில் எஞ்சின் ஓடும்போதுதான் அழுத்தம் இருக்கும். ஓடும்போது மட்டும் சொட்டினால் அங்கே தொடங்குங்கள். இரவில் நிறுத்தியபின் கொன்வேர்ட்டரில் (எஞ்சின் விசையை ஒயில் வழியாகக் கியருக்குக் கொடுக்கும் பாகம்) இருக்கும் ஒயில் அடியிலுள்ள பானுக்கு, அதாவது ஒயில் தட்டுக்கு இறங்கி மட்டம் உயரும். காலையில் மட்டும் சொட்டு என்றால் கியர் லீவரின் தண்டு கியர்பொக்ஸுக்குள் நுழையும் இடத்துச் சீலைப் பாருங்கள். கன்னங்கரேலென்று இருந்தால் அது டீசல் எஞ்சினின் ஒயிலாக இருக்கலாம், எஞ்சினின் பின்பக்கச் சீல் போயிருக்கும்.

ஆறிய வண்டியில் டிப்ஸ்டிக்கின் சூட்டுக் குறி வரை ஊற்றுவது

சூடானதும் ஒயில் விரிந்து ப்ரீதர் என்ற காற்றுத் துளையால் வெளியே தள்ளும். அப்புறம் அதற்கும் ஒரு சீல் மாற்றுவார்கள். வண்டி நன்றாகச் சூடேறி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, லீவரை எல்லாக் கியருக்கும் கொண்டுபோய் பார்க்கில் விட்டுத்தான் டிப்ஸ்டிக்கை இழுக்க வேண்டும்.

பான் போல்ட்டைப் பலம் கொண்டு இறுக்குவது

தகடு வளையும், கசிவு கூடும். சுமார் 7 நியூட்டன் மீட்டர் போதும்.

ஒழுக்கடைக்கும் மருந்து

வேண்டாம்.

வெளியே சொட்டில்லை என்று விட்டுவிடுவது

சொட்டே இல்லாமல் மட்டம் மட்டும் குறைகிறதா? எஞ்சின் ஆறிய பின் ரேடியேட்டர் மூடியைத் திறவுங்கள். தண்ணீரில் சிவப்பு ஒயில் மிதந்தாலோ, டிப்ஸ்டிக்கில் இளஞ்சிவப்புப் பால் போல வந்தாலோ, ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டை. சரி, கராஜ் வரைக்கும் ஓட்டிப் போவோம் என்று நினைக்க வேண்டாம். கட்டி இழுத்தும் போகாதீர்கள், லொறியில் ஏற்றுங்கள்.