ஷெல்லின் உள்கட்டளைகளைப் பிரித்து அடுக்குவது எப்படி

சி மொழியில் எழுதப்பட்ட சிறிய ஷெல் (தட்டச்சு செய்த கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) ஒன்றை நான் பராமரிக்கிறேன். அதன் உள்கட்டளைகள், அதாவது ஷெல் தனக்குள்ளேயே செய்துமுடிக்கும் கட்டளைகள், எல்லாம் ஒரே கோப்பில் குவிந்துகிடந்தன: சிடி, எக்கோ, எக்ஸ்போர்ட், ரீட், டிராப். எந்தக் கட்டளை என்று கண்டுபிடிக்க, பெயரை வரிசையாக ஒப்பிட்டுக்கொண்டே போகும் நீண்ட இஃப்-எல்ஸ் சங்கிலி. சிறிய ஷெல்களில் பலவும் இப்படித்தான் வளர்கின்றன. கோப்பை வெட்டிப் பிரிப்பது ஒரு மாலை வேலைதான். நடத்தை மாறாமல் பிரிப்பதில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது.

எல்எஸ் போன்ற வெளிக்கட்டளை தனி பிராசஸாக (ஓடும் நிரலாக)ப் பிறந்து, வேலை முடிந்ததும் இறந்துவிடுகிறது. அது விட்டுப்போகும் குப்பையை இயங்குதளத்தின் கருவான கெர்னல் பெருக்கிவிடும். உள்கட்டளையோ ஷெல்லின் சொந்த பிராசஸுக்குள் ஓடுகிறது; அது சிந்தியது எல்லாம் ஷெல்லோடு தங்கிவிடும். சிடி உள்கட்டளையானதும் இதனால்தான். பிடிபி-7 கணினியில் யூனிக்ஸ் உருவான நாட்களில் அடைவை மாற்றும் கட்டளை சாதாரண நிரலாகவே இருந்தது. குழந்தை பிராசஸை உருவாக்கும் ஃபோர்க் வந்த பிறகு அது திடீரென்று வேலை செய்யவில்லை. குழந்தை பிராசஸ் ஒழுங்காகத் தன் அடைவை மாற்றிக்கொண்டு அப்படியே இறந்துபோனது. தாய் ஷெல் இருந்த இடத்திலேயே இருந்தது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியே இதை எழுதிவைத்திருக்கிறார்.

ஆகவே நிரலைத் தொடும் முன் இப்போதைய நடத்தையைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு உள்கட்டளையையும் சரியான உள்ளீடு, தவறான தேர்வு (ஆப்ஷன்), அளவுக்கு மீறிய உள்ளீடு, வெறும் பெயர் என்று ஓட்டிப் பார்த்து வெளியீடு, பிழைச் செய்தி, வெளியேறும் எண் (பூஜ்யம் என்றால் வெற்றி) மூன்றையும் தனித்தனிக் கோப்பில் சேமியுங்கள். அதோடு நிறுத்தினால் போதாது. கட்டளை முடிந்த பிறகு ஷெல்லின் நிலை என்ன என்பதையும் சோதனை கேட்க வேண்டும். சிடி தோற்றபின், இப்போதைய அடைவையும் முந்தைய அடைவையும் வைத்திருக்கும் பிடபிள்யூடி, ஓல்ட்பிடபிள்யூடி மாறிகள் பழைய மதிப்பில் இருக்கின்றனவா? வழியில் ஏதாவது பிழை கண்ணில் பட்டால் குறித்துவைத்துக்கொண்டு நகருங்கள். நிரலை இடம் நகர்த்தும் கமிட்டில் (ஒரே தொகுப்பாகப் பதியும் மாற்றத்தில்) பிழைத்திருத்தம் கலந்தால் பிறகு எது எதை உடைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டின் டிஃப் கட்டளைக்கு நகர்ந்த வரிகளைத் தனி நிறத்தில் காட்டும் தேர்வு உண்டு. நகர்த்தும் கமிட் முழுவதும் அந்த நிறத்தில் தெரியவில்லை என்றால் நான் அதை ஏற்பதில்லை.

அடுத்து, இஃப்-எல்ஸ் சங்கிலிக்குப் பதிலாக ஓர் அட்டவணை. பெயர், செயற்கூற்றின் சுட்டி, கொடிகள்: ஒரு வரிக்கு இவை மூன்றும் போதும். பாஷ் என்ற ஷெல் ஒவ்வொரு உள்கட்டளைக்கும் ஒரு வரையறைக் கோப்பு வைத்து, உதவிக் குறிப்பையும் நிரலையும் அதிலேயே எழுதி, சி கோப்பைத் தனி நிரலால் உருவாக்குகிறது. டாஷ் என்ற ஷெல் ஒரே சிறிய வரையறைக் கோப்பிலிருந்து அட்டவணையை உருவாக்குகிறது. சிறிய ஷெல்லுக்கு இந்த உருவாக்கிகள் ஆடம்பரம் என்பது என் கருத்து. கையால் எழுதிய அட்டவணையே படிக்க எளிது. இருமத் தேடல் வேண்டுமென்றால் பைட் மதிப்பின்படி வரிசைப்படுத்துங்கள், மொழி அமைப்பின்படி (லோகேல்) வேண்டாம். புள்ளி, முக்காற்புள்ளி, சதுர அடைப்பு ஆகிய மூன்றும் கட்டளைப் பெயர்கள்தான். மொழி அமைப்பு மாறினால் அவற்றின் இடமும் மாறும்.

கொடிகளில் ஒன்று கட்டாயம். யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரம் எவல், எக்செக், எக்ஸ்போர்ட், செட், டிராப் உள்ளிட்ட 15 கட்டளைகளைச் சிறப்பு உள்கட்டளைகள் என்று பிரிக்கிறது. இவற்றில் பிழை நேர்ந்தால் ஸ்கிரிப்ட் ஓட்டும் ஷெல் வெளியேறலாம். இவற்றுக்கு முன்னால் எழுதிய மாறி மதிப்பு, கட்டளை முடிந்த பிறகும் நிலைக்க வேண்டும். பழைய நிரலில் இந்த விதி எங்கெங்கோ இஃப் வரிகளாகச் சிதறியிருக்கும். அவற்றைத் தேடிப் பிடித்து ஒரே கொடியாக மாற்றுவதுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி.

இனி எல்லாச் செயற்கூறுகளுக்கும் ஒரே வடிவம் கொடுங்கள்: உள்ளீட்டின் எண்ணிக்கை, உள்ளீட்டுப் பட்டியல், சூழல் கட்டமைப்புக்கு ஒரு சுட்டி, திரும்புவது வெளியேறும் எண். பிறகு உள்கட்டளைகளின் நிரலில் நிரலை முடிக்கும் எக்சிட், நடுவழியில் வேறிடத்துக்குத் தாவும் லாங்ஜம்ப் அழைப்புகளைத் தேடுங்கள். வெளிக்கட்டளைக்குத் திசைமாற்றம் (உள்ளீட்டையோ வெளியீட்டையோ ஒரு கோப்புக்குத் திருப்புவது) குழந்தை பிராசஸில் நடக்கும். உள்கட்டளைக்கு ஷெல் தன் கோப்பு எண்களை (திறந்த கோப்புகளைக் குறிக்கும் எண்களை)த் தானே 10 அல்லது அதற்கு மேலான எண்ணில் பிரதி எடுத்துவைத்து, வேலை முடிந்ததும் மீட்டெடுக்க வேண்டும். நடுவில் லாங்ஜம்ப் தாவினால் அந்த மீட்பு நடக்காது; அதன்பின் ஷெல் பேசுவது எல்லாம் யாரோ ஒருவரின் பதிவுக் கோப்புக்குள் போய் விழும். இதைப் பிடிக்க ஒரு மலிவான வழி: யூலிமிட்டால் திறந்த கோப்புகளின் வரம்பை 20 ஆக்கிவிட்டு, பிழை தரும் உள்கட்டளையைத் திசைமாற்றத்தோடு 100 முறை சுற்றவிடுங்கள். கசிவு இருந்தால் சில சுற்றுகளிலேயே ஷெல் அலறும்.

சி நூலகத்தின் எஸ்டிடிஐஓ பஃபர் (எழுத்துகளைச் சேர்த்துவைத்துப் பிறகு எழுதும் இடம்) இன்னும் நுணுக்கமானது. பழைய கோப்பு எண்ணை மீட்பதற்கு முன் பஃபரைக் காலி செய்யாவிட்டால் எழுத்துகள் தவறான இடத்துக்குப் போகும். ஃபோர்க்குக்கு முன் காலி செய்யாவிட்டால் இரண்டு முறை அச்சாகும். லினக்ஸில் எக்கோவின் வெளியீட்டை /டெவ்/ஃபுல் என்ற சாதனத்துக்குத் திருப்பிப் பாருங்கள்: எழுத முடியாதபோது வெளியேறும் எண் பூஜ்யமாக இருக்கக் கூடாது. தோல்விக்குப் பின் பிழைக்கொடியை அழித்து, பஃபரில் மிஞ்சியதையும் கொட்டிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்து வரும் அப்பாவிக் கட்டளை தோற்றதாகக் கணக்காகும். பாஷ் இதற்கென்றே ஒரு தனிச் செயற்கூறு வைத்திருக்கிறது. எல்லா உள்கட்டளைகளும் அப்படி ஒரே வாசல் வழியாக வெளியேறட்டும்.

தேர்வுகளைப் படிக்கும் பகுதியில் நூலகத்தின் கெட்ஆப்ட்டைப் பயன்படுத்த ஆசை வரும். அது எங்கே நின்றது என்பதைப் பொது மாறியில் நினைவு வைத்துக்கொள்கிறது. ஒரே பிராசஸில் இரண்டாவது உள்கட்டளை ஓடும்போது பழைய இடத்திலிருந்தே தொடங்கும். குனூ நூலகமோ இயல்பாகவே உள்ளீட்டின் வரிசையையும் கலைத்து, பின்னால் வரும் தேர்வுகளை முன்னால் இழுக்கும். ஷெல்லுக்கு இது ஆகாது. முதல் சாதாரணச் சொல்லில் நிற்கும் சிறிய படிப்பானை நீங்களே எழுதி, அதன் நிலையை உள்ளூர் மாறியில் வையுங்கள். எக்கோவை மட்டும் அதிலிருந்து விலக்குங்கள். தேர்வுகள் முடிந்தன என்று காட்டும் இரட்டைக் கோடும் அதற்கு வெறும் எழுத்துதான்.

ரீட் கட்டளையைத் திறந்ததும் கை துறுதுறுக்கும். ஒவ்வொரு பைட்டாகப் படிக்கிறதே, மொத்தமாகப் படித்தால் வேகமாக இருக்குமே என்று தோன்றும். குழாயிலிருந்து (ஒரு கட்டளையின் வெளியீடு இன்னொன்றுக்குப் பாயும் வழியிலிருந்து) ஒரு வரிக்கு மேல் படித்துவிட்டால் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அது அடுத்த கட்டளைக்கு உரிய உள்ளீடு. சாதாரணக் கோப்பாக இருந்தால் மட்டும் மொத்தமாகப் படித்துவிட்டு எல்சீக் மூலம் பின்னால் நகரலாம். அதையும் தனிக் கமிட்டில், நகர்த்தும் வேலை முடிந்த பிறகு செய்யுங்கள்.

நினைவகக் கசிவுக்கு அட்ரஸ் சானிடைசர், வால்கிரைண்ட் என்ற கருவிகள் இரண்டில் ஒன்று போதும். சோதனைகளை அதன் கீழ் ஓட்டினால், பிழை வழியில் சீக்கிரமாகத் திரும்பும் இடங்கள் வரிசையாக வெளிவரும்.

எல்லாக் கட்டளைகளையும் நகர்த்த வேண்டியதில்லை. பிரேக், கன்டினியூ, ரிட்டர்ன் மூன்றும் கட்டளைகளை ஓட்டும் இயக்கியின் சுற்றுகளோடு பின்னியவை. எவலும் புள்ளிக் கட்டளையும், கட்டளை வரியைப் பிரித்துப் படிக்கும் பாகுபடுத்தியை மறுபடி உள்ளே அழைப்பவை. திசைமாற்றத்தை மட்டும் பெற்ற எக்செக், கோப்பு எண்களை வேண்டுமென்றே மீட்காமல் விடுகிறது. என் ஷெல்லில் இவற்றின் பெயர்கள் அட்டவணையில் இருக்கின்றன. செயற்கூறுகள் இயக்கியின் கோப்பிலேயே இருக்கின்றன.