‘மனு’ ‘மன்னு’ ஆனபோது

வெள்ளவத்தையில் கடலோரம் என் வீடு. தினமும் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில்தான் தட்டுகிறேன். போன மாதம் ‘மனு’ என்று தட்டினால் ‘மன்னு’ என்று விழத் தொடங்கியது. ஒரே எழுத்து இரண்டு தரம் வந்தால் தமிழ்99 தானாகப் புள்ளி வைத்துவிடும். ஆக, ஒரு தட்டு இரண்டாகப் பதிவாகிறது. விசைக்கு அடியிலுள்ள சுவிட்சுக்குள் உலோகத் தொடுமுனை பழுதானால் இப்படி நடக்கும். உப்புக்காற்றைத்தான் சந்தேகிக்கிறேன்.

நல்லவேளை, சுவிட்சுகளைக் கழற்றி மாற்றக்கூடிய ஹாட்-ஸ்வாப் கீபோர்டாகப் பார்த்து வாங்கியிருந்தேன். விலை கூடியது எடுப்பவர்கள் விளக்கு, நிறத்துக்கு முன் இதைக் கேளுங்கள். பற்றவைக்கும் வேலையே இல்லை. வயரைக் கழற்றி, பழைய சுவிட்சை இடுக்கியால் நேரே மேலே இழுத்தேன். புதியது செர்ரி எம்எக்ஸ் பிரவுன்: 2 மில்லிமீட்டர் இறங்கியதும் பதிவாகும், டக்டக் சத்தமும் குறைவு. அதன் மெல்லிய கால்கள் வளையாமல் நேராக அழுத்த வேண்டும்; அங்கே அவசரமே கூடாது.

இப்போது ‘மனு’ மனுவாகவே விழுகிறது.